பெட்டியடிப் பையனும் பேட்டரி இன்ஜினீயரும்

தேவகோட்டையில் பழைய வளவு வீடுகளின் பட்டாலையில் இன்றைக்கும் சில இடங்களில் கணக்குப் பெட்டி கிடக்கும். சாய்வான மூடி, பித்தளைக் குமிழ், உள்ளே சின்னச் சின்ன அறைகள். இப்போது அதன்மேல் செட்டாப் பாக்ஸோ, பழைய மிக்ஸியோ உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் அப்படியொரு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இந்த ஊர் தொழில் படித்தது.

எஞ்சுவடி மனப்பாடம், வட்டிக் கணக்கு வாயால் சொல்லும் பழக்கம், நல்ல கையெழுத்து. இவ்வளவு தேறினால் பையனைக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். ரங்கூன் மொகல் தெருவோ சிங்கப்பூர் மார்க்கெட் தெருவோ, போய்ச் சேரும் இடம் வட்டிக்கடை நடக்கும் கிட்டங்கி. அங்கே அவன் பெட்டியடிப் பையன். கூட்டிப் பெருக்குவான், சிட்டை எழுதுவான், கடன் கேட்டு வருகிறவனின் முகத்தை மேலாள் எப்படிப் படிக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு அடுத்தாள். அப்புறம், கெட்டிக்காரனாக இருந்தால், மேலாள். ஒரு தவணை வேலை என்பது மூன்று வருஷம். சிங்கம்புணரியில் பிறந்து இளவயதிலேயே சுமத்ராவின் மெடானுக்கு வேலைக்குப் போன ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் புதிதில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்ணுக்கு இடமில்லை. முதலாளிகள் பெரும்பாலும் தங்கள் சாதிக்குள்ளேதான் ஆள் எடுத்தார்கள். அதை மறைத்துவிட்டு ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் அங்கே தெளிவாக இருந்தது. பையன் தப்பாகக் கற்றால் நட்டம் முதலாளியின் பணத்தில் விழும். அதனால் முதலாளியே அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தார். வேலை கொடுக்கிறவர் ஒருவர், வேலை கற்றுக்கொடுக்கிறவர் வேறொருவர் என்ற பிரிவினையே அங்கே கிடையாது.

இன்று காலை எட்டு மணிக்குத் தேவகோட்டையிலிருந்து காரைக்குடி போகும் டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். சுமார் 18 கிலோமீட்டர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் படிக்கட்டு வரை நிற்கிறார்கள். டிப்ளமோ, பி.இ., ஐ.டி.ஐ. நாட்டில் சோலார், காற்றாலை, பேட்டரி, மின்சார வண்டி என்று எரிசக்தித் துறையில் ஆள் தேவை பெருகிக்கொண்டே போகிறது. நிறுவனங்களோ, வருகிற பிள்ளைகளுக்கு வேலை தெரியவில்லை என்கின்றன. பிள்ளைகளைக் கேட்டால் வேலையே கண்ணில் படவில்லை என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

ஒரே வேலிக்குள் ஆய்வகமும் கல்லூரியும்

காரைக்குடிக்கு இந்தப் பிரச்சினையைப் பற்றிப் பாடம் எடுக்க யாருக்கும் தகுதியில்லை. ஏனென்றால் இதற்கான விடையை 70 வருஷத்துக்கு முன்பே செங்கல் வைத்துக் கட்டிக் காட்டிய ஊர் அது.

கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்ப செட்டியார் ஆலை முதலாளி. கொச்சி சமஸ்தானத்தில் துணி ஆலை நடத்தினார். அந்த இடத்துக்கு இன்றும் அழகப்பாநகர் என்றுதான் பெயர். 1944-ல் சென்னை கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க ஐந்து லட்ச ரூபாய் கொடுத்தார். ஏ.சி.டெக் என்று நாம் சொல்லும் அந்தக் கல்லூரியில் துணி, தோல், ரசாயனம் ஆகியவற்றின் தொழில்நுட்பங்கள் பாடமாயின. மூன்றுமே அன்றைய மதராஸில் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்த தொழில்கள். ஆலை நடத்துகிறவர் பணம் கொடுத்தால் பாடத்திட்டம் இப்படித்தான் ஆலை வாசலில் போய் நிற்கும்.

1947 ஆகஸ்டில், சுதந்திரத்துக்குச் சில நாள் முன்பு, காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கியது. அடுத்த ஆண்டு நடந்ததுதான் பெரிய கதை. மத்திய அரசு தேசிய ஆய்வுக்கூடங்களை எங்கெங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம். டெல்லி, புனே, ஜாம்ஷெட்பூர் என்று பெரிய ஊர்களின் பெயர்கள் அடிபட்டன. வானம் பார்த்த பூமியான காரைக்குடியை யார் நினைப்பார்கள்? அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தருகிறேன் என்றார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நேரத்தில், ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இந்த வட்டாரத்துக்கு அது ‘செக்ரி’.

இடையில் 1952-ல் பொறியியல் கல்லூரியும் வந்துவிட்டது. வரிசையைக் கவனியுங்கள். கலைக் கல்லூரி, ஆய்வகத்துக்கு அடிக்கல், பொறியியல் கல்லூரி, ஆய்வகத் திறப்பு. எல்லாம் ஆறு வருஷத்துக்குள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போய்வரும் தூரத்தில். 1957-ல், 48 வயது முடியும் தறுவாயில் அழகப்பர் இறந்துபோனார். இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் அடுத்து எதைக் கட்டியிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. ஆலைக்காரர், பக்கத்திலேயே ஒரு தொழிற்பேட்டையைத்தான் கட்டியிருப்பார் என்பது என் ஊகம்.

செக்ரி என்ன செய்கிறது என்று உள்ளூரில் கேட்டால் ‘ஏதோ பேட்டரி ஆராய்ச்சி’ என்பார்கள். பேட்டரியும் உண்டு. உப்பும் ஈரமும் இரும்பை எப்படித் தின்கின்றன என்று பார்ப்பதும் அதன் வேலைதான். மண்டபத்தில் கடற்கரை ஓரம் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக் காற்றிலும் வருஷக்கணக்கில் காயவிட்டு அளக்கிறார்கள். தூத்துக்குடியிலும் இதற்கென்று ஒரு மையம் உண்டு. கடலோரத்தில் பாலம் கட்டுகிறவனுக்கும், தொண்டிப் பக்கம் சோலார் பேனலுக்கு இரும்புச் சட்டம் நிறுத்துகிறவனுக்கும் இந்த அறிவு காசு.

1988-ல் செக்ரி ஒரு காரியம் செய்தது. தன் வளாகத்துக்குள்ளேயே ரசாயன, மின்வேதியியல் பொறியியலில் பி.டெக். படிப்பைத் தொடங்கியது. மேடையில் பாடம் எடுப்பவர், மத்தியானம் தன் ஆய்வகத்தில் எலக்ட்ரோடு பூசிக்கொண்டிருக்கும் விஞ்ஞானி. மாணவன் செய்முறைத் தேர்வுக்காக எடுத்து வைத்த பொம்மைக் கருவியைத் தொடுவதில்லை; நிஜமாக ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். லித்தியம் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் ஊற்றும் திரவத்தில் உள்ள லித்தியம் உப்பு ஈரத்தைத் தொட்டால் கெட்டது. அரிக்கும் அமிலமாக மாறத் தொடங்கும். அதனால் செல் அடைக்கும் அறையில் காற்றை உலர்த்தி உலர்த்தி, ஈரப்பதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே வைத்திருப்பார்கள். மனித மூச்சே அங்கே ஒரு தொல்லை. எத்தனை பேர் உள்ளே போகலாம் என்றுகூடக் கணக்கு உண்டு. இதைப் புத்தகத்தில் இரண்டு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த உலர் அறைக்குள் ஒரு வாரம் நின்று, கையுறை மாற்றி, ஒரு செல்லைக் கெடுத்து, ஏன் கெட்டது என்று திட்டு வாங்கியவனுக்குத் தெரிவது வேறு. எந்த பாலிடெக்னிக்கும் தன் காசில் உலர் அறை கட்ட முடியாது. வைத்திருப்பவர் கதவைத் திறக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

செக்ரி தன் லித்தியம் பேட்டரித் தொழில்நுட்பத்தை 2018 ஜூனில் ஒரு தனியார் சோலார் நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை என்று அறிவித்தார்கள். காரைக்குடி கண்டுபிடித்தது ஓசூர்ப் பக்கம் போகப் பார்த்தது. வாகனத் தொழிற்சாலைகள் அங்கே இருக்கின்றன என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் நம்மூர்க்காரனுக்கு லேசாக வலிக்கத்தான் செய்யும்.

கையெழுத்துப் போட்ட புகைப்படம்

இப்போது கல்லூரிகளில் ‘எம்.ஓ.யு.’ என்றொரு வார்த்தை புழங்குகிறது, புரிந்துணர்வு ஒப்பந்தம். கல்லூரி முதல்வரும் கம்பெனியின் மனிதவள அதிகாரியும் ஆளுக்கொரு கோப்பைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தப் படம் சேர்க்கை விளம்பரத்தில் வரும். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை ‘ஐ.வி.’ என்று, அதாவது தொழிற்சாலையைப் பார்க்க, ஒரு பஸ் கிளம்பும். காலையில் ஒரு தொழிற்சாலை, மத்தியானம் பிரியாணி, மாலையில் நீர்வீழ்ச்சி. தொழிற்சாலைக்குள் மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் வரிசையாக நடந்து வந்ததோடு சரி.

எனக்கு நெருங்கிய உறவுக்காரப் பையன் ஒருவன் மெக்கானிக்கல் படித்தான். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். ‘இன்டர்ன்ஷிப் முடிச்சிட்டேன் மாமா’ என்று சான்றிதழைக் காட்டினான். எத்தனை நாள் போனாய் என்றேன். சிரித்தான். பணம் கட்டினால் சான்றிதழ் மெயிலில் வந்துவிடுமாம். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பதினைந்து நாள் உள்ளே விட்டு வேலை காட்டும் ஒரு பட்டறையை அவனுக்கு யார் கைகாட்டினார்கள்?

நிறுவனத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். புதுப் பையனை இயந்திரத்தில் விட்டால் உற்பத்தி குறையும். விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டும். கற்றுக்கொண்டதும் வேறு கம்பெனி இரண்டாயிரம் கூடக் கொடுத்தால் போய்விடுவான். இந்தக் கணக்கில் சிறு முதலாளிகள் ஒதுங்கிக்கொள்வதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சட்டம் இதையெல்லாம் யோசிக்காமலும் இல்லை. 1961-லேயே தொழிற்பழகுநர் சட்டம் வந்துவிட்டது; 1973-ல் பட்டதாரி, டிப்ளமோக்காரர்களையும் அதில் சேர்த்தார்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்தாக வேண்டும். 2019-ல் விதியைத் திருத்தியபோது பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 என்று வைத்தார்கள். அதில் பாதியை மத்திய அரசு தருகிறது. சென்னை தரமணியில் தென்மண்டலத்துக்கென்றே தொழிற்பழகுநர் வாரியம் இருக்கிறது. தேவகோட்டையில் டிப்ளமோ முடித்த எத்தனை வீடுகளில் இந்த வாரியத்தின் பெயர் தெரியும்? ஈ.பி. வேலைக்கு அறிவிப்பு எப்போது வரும் என்பது மட்டும் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

45 டிகிரிக் குழாய்

கல்லூரி வாசலை மிதிக்காமலே எரிசக்தித் துறையில் சம்பாதிக்கும் ஒரு கூட்டம் இந்தப் பக்கம் உண்டு. வெல்டர்கள். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களில் இவர்கள் தனி ஜாதி. தொழில் ஜாதியைச் சொல்கிறேன். சுத்திகரிப்பு ஆலைகளை வருஷத்தில் சில வாரம் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அதற்கு ‘ஷட்டவுன் வேலை’ என்று பெயர். அந்தச் சில வாரத்தில் நல்ல வெல்டர் சேர்க்கிற பணம் ஊரில் ஒரு வருஷம் அலைந்தாலும் வராது.

அவர்களுக்கான தேர்வு என்ன தெரியுமா? ஒரு குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள். வெல்டர் அதைத் திருப்பக் கூடாது. தான்தான் குனிந்து, படுத்து, அண்ணாந்து சுற்றி வந்து பற்ற வைக்க வேண்டும். அதற்குப் பெயர் சிக்ஸ்-ஜி. பிறகு பற்ற வைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே மயிரிழை ஓட்டை இருந்தாலும் போச்சு. மார்க் போட வாத்தியார் கிடையாது. எக்ஸ்ரே தகடு சொல்லிவிடும். இந்தியாவின் பொறியியல் தேர்வுகளிலேயே நேர்மையான தேர்வு இதுதான் என்பது என் தாழ்மையான கருத்து.

இந்தத் தரம் இந்த மண்ணுக்கு எங்கிருந்து வந்தது? அறுபதுகளில் வந்த திருச்சி பெல் ஆலையிலிருந்து பெரும்பங்கு வந்தது. அனல்மின் நிலையங்களுக்கு உயரழுத்தக் கொதிகலன் செய்யும் ஆலை அது. ஒரு கொதிகலனில் ஆயிரக்கணக்கான மூட்டுகள். ஒன்று விட்டாலும் மின்நிலையம் நிற்கும். அதனால் பெல் தானே பயிற்சி கொடுத்தது. வெல்டிங்குக்கென்றே ஆராய்ச்சி நிலையமும் வைத்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. பெல்லுக்கு வேலை செய்ய வேண்டுமென்றால் அந்தப் பட்டறையின் வெல்டரும் பெல் கேட்கும் தரத்தில் தேற வேண்டும். கேட்டுக் கேட்டே ஒரு வட்டாரத்தின் கை திருந்திவிட்டது. பெட்டியடியில் நடந்த அதே சங்கதி: தப்பு நடந்தால் தனக்கு நட்டம் என்று தெரிந்த முதலாளி, கற்றுக்கொடுக்காமல் விடமாட்டார்.

அதே பெல், மின்நிலையக் குழாய்கள் செய்யும் ஒரு தனிப் பிரிவைத் திருமயத்தில் வைத்தது. 2013-ல் பிரதமர் மன்மோகன் சிங் வந்து அர்ப்பணித்தார். காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம். கோட்டையைப் பார்க்கவும் பைரவரைக் கும்பிடவும் நாம் அடிக்கடி போகும் ஊர்தான் அது. நம் கல்லூரிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஆலையின் உள்பக்கத்தைப் பார்த்திருப்பார்கள்?

எட்டாயிரம் பேர் வந்தார்கள், போனார்கள்

தேவகோட்டையிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும் கமுதி. அங்கே 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் பேனல். ஒரே இடத்தில் அமைந்த நிலையங்களில் அப்போது உலகத்திலேயே மிகப்பெரியது என்றார்கள். சுமார் 8,500 பேர் வேலை செய்து எட்டே மாதத்தில் முடித்தார்கள். முடிந்ததும் பேனலைத் துடைக்கும் வேலையை ரோபோ எடுத்துக்கொண்டது.

இதில்தான் நுட்பம் இருக்கிறது. சோலாரில் கட்டும்போது கூட்டம் வேண்டும். ஓட்டும்போது கொஞ்சம் பேர் போதும், ஆனால் அவர்கள் விஷயம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். குழி தோண்டவும் சட்டம் மாட்டவும் மட்டும் பழக்கிவிட்டால் எட்டாவது மாதம் பையன் வீட்டுக்கு வந்துவிடுவான். மத்திய அரசின் ‘சூர்யமித்ரா’ பயிற்சி 2015-ல் தொடங்கியது. 600 மணி நேரம். நல்ல திட்டம்தான். முடித்தவன் அடுத்து எங்கே போகிறான் என்பதை அந்த 600 மணி நேரமே முடிவு செய்துவிடாது. எந்த நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு, எந்த ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் குழுவுக்கு என்று ஆரம்பத்திலேயே ஒரு பெயர் வேண்டும்.

வீட்டு மாடிக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு கோடி வீடுகளுக்குக் கூரை சோலார் என்று அறிவித்தது. மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். நம்மூரிலும் ஆங்காங்கே நீலப் பலகைகள் தெரிகின்றன. மாட்ட வருகிறவர் பெரும்பாலும் அனுபவப்பட்ட வயர்மேன். வீட்டு வயரிங்கில் புலி. ஆனால் பேனலிலிருந்து வருவது நேர்மின்சாரம். நாம் பழகிய மாறுமின்சாரம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருவதால் பொறி பறந்தாலும் அணைந்துவிட ஒரு வாய்ப்பு உண்டு. நேர்மின்சாரத்தில் அந்த இடைவெளியே கிடையாது; ஒரு கனெக்டரைச் சரியாக நெரிக்காமல் விட்டால் சூடாகி, பொறி பற்றி, எரிந்துகொண்டே இருக்கும். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து போய்விடும் என்பதும் இங்கே செல்லாது. வெயில் அடிக்கும் வரை பேனல் ‘ஆன்’தான்.

செட்டிநாட்டில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. நம் வீடுகளில் நாட்டு ஓடு, சீமை ஓடு, மரச் சட்டத்தின் மேல் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் தளம். எங்கே துளை போடலாம், எந்த விட்டம் பாரம் தாங்கும், எங்கே தொட்டால் மழைக்காலத்தில் ஒழுகும் என்பது பழைய கொத்தனாருக்குத்தான் தெரியும். சென்னையிலிருந்து வரும் பயிற்சிப் புத்தகத்தில் அது இருக்காது. ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் ஆசிரியரையும் ஒரு சோலார் ஒப்பந்தக்காரரையும் ஆத்தங்குடிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரையும் ஒரே வகுப்பில் நிறுத்தினால், தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைக்காத பாடம் ஒன்று இங்கே உருவாகும். செலவும் அதிகமில்லை.

கோவை செய்தது, நாம் செய்யாதது

கோயம்புத்தூர்க்காரர்களைக் கொஞ்சம் பொறாமையோடு பார்க்கலாம், தப்பில்லை. அங்கே பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926-ல் பிறந்தது. அவர்களின் தொழிற்கூடத்தில் மோட்டாரும் பம்பும் நிஜமாகவே விற்பனைக்குச் செய்தார்கள்; அதே வளாகத்தில் பாடமும் நடந்தது. 1951-ல் பொறியியல் கல்லூரி வந்தது. ‘சாண்ட்விச்’ என்று ஒரு படிப்பு, ஐந்து வருஷம். வகுப்பும் பட்டறையும் மாறி மாறி. ஜி.டி.நாயுடு 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக் தொடங்கியபோது, நாலு வருஷப் படிப்பு நேர விரயம், பாதிக் காலம் போதும் என்று வாதாடினார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை, மனிதர் விலகிக்கொண்டார். இன்றும் கோவை பஸ்ஸில் ‘ஹோப் காலேஜ்’ என்று டிக்கெட் வாங்குகிறார்கள். கல்லூரி இடம் மாறி, பெயர் மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

கோவையில் ஆலை முதலாளி தன் ஆலைக்கு ஆள் வேண்டுமென்று கல்லூரி கட்டினார். நம் பக்கத்து முதலாளிகள் கல்லூரியை ஊரில் கட்டினார்கள். ஆலையை வெளியே வைத்தார்கள். பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தின் சைக்கிள் ஆலை அம்பத்தூரில். அவர்கள் நடத்தும் பாலிடெக்னிக் ஆவடியில். ஆலைக்குப் பக்கத்து ஊரில் பாலிடெக்னிக், சரியான முடிவு. செட்டிநாட்டில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை; அவற்றின் சுவரை ஒட்டி ஆலைச் சங்கு ஊதவில்லை. நம் பிள்ளைகள் படித்து முடித்ததும் அம்பத்தூருக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறுவது இதனால்தான். இதில் யார்மீதும் பழி போடுவதற்கில்லை. தண்ணீர், ரயில், துறைமுகம் என்று ஆயிரம் காரணம்.

ஆலை பக்கத்தில் இல்லாதபோது என்ன செய்வது? அரசு சில வழிகளைத் திறந்திருக்கிறது. ஐ.டி.ஐ.களில் 2016 முதல் ‘இரட்டைப் பயிற்சி’ முறை வந்தது. ஜெர்மனியில் காலங்காலமாக நடப்பதுபோலக் கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் தொழிற்சாலை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டத்தை 2023-ல் தொடங்கினார்கள். ரோபோ, மின்சார வாகனம், கணினி வழி இயந்திரம் என்று பாடங்களே மாறின. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில், நிறுவனங்கள் கேட்கும் பாடங்களைக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே நுழைத்தார்கள். திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் ஆலை வந்திருக்கிறது, 4.3 ஜிகாவாட். அங்கே உற்பத்தித் தளத்தில் நிற்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். கிட்டங்கிக்குள் காலெடுத்து வைக்க முடியாதவர்களின் பேத்திகள் என்று சொல்லலாம். தேவகோட்டையிலிருந்து கங்கைகொண்டான், அம்பத்தூரைவிடப் பக்கம்.

பொறியியல் பிள்ளைகளோடு விஷயம் முடியவில்லை. தேவகோட்டையின் சேவுகன் அண்ணாமலை கல்லூரி 1970-ல் தொடங்கிய கலை அறிவியல் கல்லூரி. இயற்பியல், வேதியியல் படிக்கும் பிள்ளைக்கு பேட்டரி ஆலையின் தரச்சோதனைக் கூடத்தில் வேலை இருக்கிறது. வணிகவியல் பிள்ளைக்கு மின் கட்டணக் கணக்கில் வேலை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரை அப்ரண்டிஸாகவே கழிக்கலாம். அதற்குக் கிரெடிட்டும் உண்டு, உதவித்தொகையும் உண்டு. கலைக் கல்லூரிகளின் கையில் இப்படியொரு சாவி இருக்கிறது.

இனி, எனக்கு வெகுநாளாக உறுத்தும் ஒன்று. லித்தியம் பேட்டரியில் லித்தியம் மட்டுமா இருக்கிறது? அதன் ஒரு முனை பெரும்பாலும் கிராஃபைட். தமிழ்நாட்டில் கிராஃபைட் எங்கே கிடைக்கிறது? சிவகங்கையில். மாநில அரசின் டாமின் நிறுவனம் சிவகங்கைக்குப் பக்கத்தில் சுரங்கமும் சுத்திகரிப்பு ஆலையும் வைத்திருக்கிறது. மண்ணிலிருந்து வருகிற தாதுவில் கார்பன் சுமார் 14 சதவீதம். அதை அரைத்து, மிதக்கவிட்டு 96 சதவீதம் வரை ஏற்றுகிறார்கள். உலைச் செங்கல்லுக்கும் உலோகம் உருக்கும் மூசைகளுக்கும் அது போதும். பேட்டரிக்குப் போதாது, அங்கே 99.9-க்கும் மேல் கேட்பார்கள், துகளையும் உருண்டையாக்கித் தரச் சொல்வார்கள். அந்தக் கடைசி மூன்று, நான்கு சதவீதத்தில்தான் பணம் முழுக்க இருக்கிறது.

சுரங்கம் சிவகங்கையில். அந்த மூன்று, நான்கு சதவீதத்தைப் பற்றிப் பேசத் தெரிந்த செக்ரி காரைக்குடியில். நடுவே சுமார் 50 கிலோமீட்டர். செக்ரிக்குப் பக்கத்திலேயே அரசுப் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., அழகப்பா பல்கலைக்கழகம். தாது முதல் செல் வரை ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் இடம் இந்தியாவில் எத்தனை இருக்கும்? ஒரு கல்வியாண்டுக்கு முப்பது பிள்ளைகளை எடுத்து, ஒரு செமஸ்டர் சுத்திகரிப்பு ஆலையிலும் ஒரு செமஸ்டர் செக்ரி ஆய்வகத்திலும் நிறுத்த ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூட்டம் போதும். புதுக் கட்டடம் வேண்டாம். பயணப்படிக்கும் பாதுகாப்புக் காலணிக்கும் மட்டும் பணம் வேண்டும். அதை வேண்டுமானால் வெளியூரில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் கொடுக்கட்டும். கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுக்கிறவர்கள் இதற்குக் கொடுக்க மாட்டார்களா என்ன.

அடுத்த ஜூனில் பிள்ளையைச் சேர்க்கக் கல்லூரிக்குப் போகும் அப்பா அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை எம்.ஓ.யு. போட்டிருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். அவர்கள் ஆல்பத்தை எடுத்துக் காட்டுவார்கள். போன வருஷம் எந்த ஆலையிலிருந்து யார் இங்கே வந்து பாடம் நடத்தினார், எத்தனை நாள் நடத்தினார், உங்கள் பிள்ளைகள் அந்த ஆலைக்குள் எத்தனை நாள் வேலை செய்தார்கள், கையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஆலையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு, பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு போன் போட்டுப் பாருங்கள்.